ஞாயிறு பின்னேரத்துப் பத்துப் பாட்டுகள்

"சித்திரைப் புத்தாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேணும் அண்ணை, நீங்கள்தான் எழுதவேணும்" என்று மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டபோது சங்கிலியனையும் பண்டாரவன்னியனையும்தான் முதலில் யோசித்தேன். அவர்களைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் எங்கள் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அட்டை கிழிந்த ஒரு சீ.ஆர். கொப்பி மட்டுமே. நாங்கள் வீட்டிலே வைத்திருந்த மூன்று கொப்பிகளில் இதுதான் மிஞ்சியது. 1981 ஜனவரி 4 முதல் 1983 யூலை 17 வரை 133 ஞாயிற்றுக்கிழமைகள் இதிலே பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறுக்கும் பத்துப் பாட்டு. அந்த வாரம் அக்காவுக்கும் எனக்கும் பிடித்த பாட்டுகள், முதலாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை.

சிரிக்காதையுங்கோ. இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

பாட்டுகளுக்கு இடம் போட்டு வரிசைப்படுத்துகிற பழக்கத்தை வானொலியில் பெரிதாக்கியது அமெரிக்கா. 1935 ஏப்ரலில் 'யுவர் ஹிட் பரேட்' என்ற நிகழ்ச்சி அங்கே தொடங்கியது. பணம் போட்டது ஒரு சிகரெட் கம்பனி. 1940 யூலையில் 'பில்போர்ட்' பத்திரிகை கடைகளில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையைச் சேர்ந்த பேர்சி டிக்கின்ஸ் என்பவர் இருபது கடைகள் வரையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்தக் கிழமை என்ன நல்லாப் போகுது?" என்று விசாரித்து, பதில்களைக் கூட்டி ஒரு பட்டியல் போட்டார். பிரிட்டனின் முதல் பட்டியல் அதுதான். முதலிடம் அல் மார்ட்டினோ என்ற பாடகருக்கு. ஒரு நாட்டின் இசை இரசனை என்று பிறகு புத்தகம் புத்தகமாக எழுதப்பட்டதன் தொடக்கம், ஒரு மனிசன் தொலைபேசியில் எழுதிய கணக்கு!

எங்கள் பக்கத்துக்கு அந்தப் பழக்கம் வந்த வழி கொழும்பு. இரண்டாம் உலக யுத்த காலத்திலே நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் வலிமையான சிற்றலை ஒலிபரப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950 செப்ரெம்பரில் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. இந்தியாவிலோ, 1952 இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கும் என்று நினைத்து, அகில இந்திய வானொலியில் அதை இறுக்கிப் பிடித்தார். விளைவு, பல இந்திய வீடுகளில் முள்ளு கொழும்புக்குத் திரும்பியது. அவர்கள் 'விவித் பாரதி'யைத் தொடங்கியது 1957 ஒக்ரோபரில்தான். அதற்குள் சனம் பழகிவிட்டது.

அந்த அலையிலேதான் 1952 டிசெம்பரில் 'பினாகா கீத் மாலா' என்ற ஹிந்தி நிகழ்ச்சி தொடங்கியது. அறிவிப்பாளர் அமீன் சயானி. பணம் போட்டது பற்பசைக் கம்பனி. (சிகரெட்டை விடப் பற்பசை பரவாயில்லை.) தொடக்கத்தில் ஏழு பாட்டுகளை ஒழுங்கில்லாமல் போட்டு, அவை வெளிவந்த கால ஒழுங்கிலே அடுக்கி அனுப்பச் சொல்லிப் பரிசு கொடுத்தார்கள். முதல் கிழமையே 9,000 கடிதங்கள் வந்தனவாம். 1954 அளவிலே அது இடம் போடுகிற நிகழ்ச்சியாக மாறியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்தையும் ஒரு 'படி' என்று சொல்வார்கள். கனகாலம் படியிலே நின்ற பாட்டை மரியாதையோடு ஓய்வு கொடுத்து அனுப்புவார்கள். அமீன் சயானி 2024 பெப்ரவரியில் காலமானார். அவருடைய குரலைக் கேட்ட எவரும், "சகோதரிகளே, சகோதரர்களே" என்று பெண்களை முன்வைத்து அவர் கூப்பிடுகிற விதத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் மாமா. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிக் கொழும்பிலே கிளாக்கர் வேலை பார்த்தவர். ஹிந்தி ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ரேடியோவுக்கு முன்னால் இருந்து, காதில் விழுகிற ஹிந்தியைத் தமிழ் எழுத்திலே எழுதி வைப்பார். லீவுக்கு இணுவிலுக்கு வரும்போது அந்தத் தாள்களையும் கொண்டு வருவார். 1978 டிசெம்பர் லீவிலே அக்கா அந்தத் தாள்களைக் கனநேரம் பார்த்துவிட்டு, "ஹிந்திக்காரருக்கு மட்டுமோ? நாங்களும் போடுவம்" என்றா. எனக்கு அப்போது பதினாலு வயது. அக்கா இரண்டு வயது மூத்தவ.

தமிழ்ப் பாட்டுக்கு எங்களுக்குக் குறைவிருக்கவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவிலே 'இரவின் மடியில்', இடையிலே 'நீங்கள் கேட்டவை'. எஸ். பி. மயில்வாகனம் தொடக்கி வைத்த பாணியிலே வந்த இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. 'நீங்கள் கேட்டவை' என்ற அதே பெயரில் 1984 இல் பாலு மகேந்திரா படமே எடுத்தார். அவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆனால் அந்த நிகழ்ச்சியில் விருப்பம் என்பது பெயராக வந்தது, இலக்கமாக அல்ல. இந்த ஊரில் இன்னார், அந்த ஊரில் இன்னார் என்று அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். எங்கட பெயர் ஒருநாள் வந்தபோது, சினிமாப் பாட்டென்றாலே முகத்தைச் சுளிக்கிற ஐயா (தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊரல்லவா) வாசலில் நின்று கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரிப் போனார். எந்தப் பாட்டை எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது அந்தப் பெயர்ப் பெருவெள்ளத்திலே தெரியாது. எங்களுக்கு இலக்கம் வேண்டியிருந்தது.

முறை இதுதான். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்குப் பத்துப் பாட்டு எழுதவேண்டும். முதலாவதுக்குப் பத்துப் புள்ளி, இரண்டாவதுக்கு ஒன்பது, இப்படியே பத்தாவதுக்கு ஒன்று. பிறகு இரண்டு தாளையும் கூட்டுவோம். எனக்கு முதலாவதாகவும் அவவுக்கு மூன்றாவதாகவும் இருக்கிற பாட்டுக்குப் பதினெட்டு. சமமாக வந்தால் போன கிழமை கீழே நின்றது மேலே போகும். அடிமட்டத்தால் கோடு போட்டு, நீலப் பேனையால் பாட்டு, சிவப்புப் பேனையால் ஏற்ற இறக்க அம்புக்குறி. படத்தின் பெயரையும் பாடினவர் பெயரையும் சுருக்கி ஓரெழுத்திலே போடுவா அக்கா.

ஏன் பத்து என்று என்னுடைய மகள் ஒருநாள் கேட்டாள். காரணம் கசெற். 90 நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு பாட்டு நாலரை நிமிடமென்றால் பத்துப் பாட்டு. யாழ்ப்பாணத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைகள் தெருவுக்குத் தெரு இருந்த காலம். வெற்றுக் கசெற்றும் எழுதிய தாளும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளிலே பதிந்து தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காசு சேர்ந்தால், கொப்பியில் கூடப் புள்ளி எடுத்த பாட்டுகளை நாங்கள் அப்படிப் பதிந்தனாங்கள்.

இருவருடைய இரசனையும் ஒன்றல்ல. 1976 இல் 'அன்னக்கிளி' வந்த நாள்தொட்டு நான் இளையராஜா பக்கம். அக்காவுக்கு சுசீலா அம்மாவின் பழைய பாட்டுகளும் எங்கட இலங்கை மெல்லிசைப் பாட்டுகளும். அதோடு ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப் பாட்டுகளையும் கொண்டுவந்து பத்துக்குள்ளே செருகுவா. எனக்கு அப்போது அது பிடிக்காது. இந்தியாவிலிருந்து வந்தால்தான் பாட்டு என்ற மயக்கம் என்னைப் போன்ற பலருக்கு இருந்தது. எங்கட ஆட்கள் எங்கட பேச்சிலே பாடின பாட்டுகள் அந்தந்த வாரத்தில் எத்தனையாம் இடத்தில் நின்றன என்பதற்கு இன்று என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி, அக்கா பிடிவாதமாகப் போட்ட அந்தப் புள்ளிகள்தான்.

இனிக் கொப்பியின் உள்ளே வாருங்கள். 133 வாரங்களில் 11 வாரம் வெறுமை. காய்ச்சல், சோதினை, அம்மம்மாவின் செத்தவீடு என்று சிலவற்றுக்குக் காரணம் ஓரத்தில் எழுதியிருக்கிறது. 1981 மே 31 ஞாயிறு. வழமைபோலப் பத்துப் பாட்டும் இருக்கின்றன, அம்புக்குறிகளும் வடிவாக இருக்கின்றன. அன்று இரவு தொடங்கிய அட்டூழியத்திலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் என்பது இன்று உலகமே சொல்கிற கணக்கு. அடுத்த பக்கத்தில் யூன் 7 என்று திகதி மட்டும் இருக்கிறது. கோடு போட்டிருக்கிறது, ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கமும் எழுதியிருக்கிறது, பாட்டில்லை. காரணமும் எழுதவில்லை. அக்கா அந்த நூலகத்தில் அங்கத்தவராக இருந்தவ. திருப்பிக் கொடுக்காத ஒரு புத்தகம் அவவின் மேசையிலே கனகாலம் கிடந்தது. யூன் 14 இல் மீண்டும் பத்துப் பாட்டு.

கடைசிப் பக்கம் 1983 யூலை 17. அடுத்த ஞாயிறு, 24 ஆம் திகதி, முதல்நாள் இரவு திருநெல்வேலியில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இராணுவத்தினர் எங்கள் பக்கத்தில் சனத்தைச் சுட்டுத் திரிந்த நாள். பாட்டுப் பற்றி யார் யோசித்தது? கொழும்பில் அன்றிரவு தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். மாமா அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். உடுத்த சாரமும் ஒரு சேட்டும். ரேடியோவும் அந்தத் தாள்களும் வெள்ளவத்தை அறையோடு போய்விட்டன. கொப்பியில் இன்னும் தாள் மீதியிருந்தும் "இது வேண்டாம், புதுசு எடுப்பம்" என்று அக்கா சொல்லிவிட்டா. மூன்றாவது கொப்பி தொடங்கியது செப்ரெம்பரில்.

இங்கே ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். ஜேர்மனிக்கு வந்தபிறகு, 83 க்கு முந்தின கடைசிக் கிழமையில் எங்கட கொப்பியில் முதலாம் இடத்தில் நின்றது ஒரு சோகப் பாட்டு என்று பலரிடமும் சொல்லி வந்தேன். வரப்போகிறது மனதுக்குத் தெரிந்த மாதிரி என்றுகூடக் கதையை நீட்டினேன். 2003 இல் கொப்பியைத் திரும்பக் கையில் எடுத்துப் பார்த்தால், யூலை 17 இல் முதலாம் இடம் ஒரு பகிடிப் பாட்டுக்கு! இருபது புள்ளிக்கு இருபது. அந்தச் சோகப் பாட்டு அந்தப் பத்திலேயே இல்லை. இருபது வருடமாக நான் நினைவிலே வைத்திருந்த பட்டியலை, பிறகு நடந்தவை திருத்தி எழுதியிருக்கின்றன.

1985 இல் நான் புறப்பட்டபோது கொப்பி ஒன்றைக் கொண்டுபோகக் கேட்டேன். ஐயா விடவில்லை. ஓரெழுத்துச் சுருக்கம், இலக்கம், சிவப்பு அம்புக்குறி: சோதனைச் சாவடியில் யாரும் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? "பாட்டென்று சொன்னால் நம்புவாங்களோ?" என்றார். அவர் சொன்னது சரி. கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்ளின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்ளின் என்று உங்களில் பலர் வந்த அதே பாதையிலே நானும் வந்தேன். பிறகு ஒரு சிறிய நகரத்திலே அகதிகள் ஹைம். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது. ஞாயிறு மட்டும் ஏழு நாளும் வந்தது.

அங்கே தனியாகப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. அறையில் இருந்தது ஆறு கசெற், புதுப்பாட்டு வர வழியில்லை. முதலாம் இடத்தில் ஒரே பாட்டு பத்தொன்பது கிழமை நின்றது, எங்கட வழக்கு மாதிரி. தவிர, ஒரு ஆள் போடுகிற புள்ளியில் சண்டை இல்லை. எட்டாம் கிழமையிலேயே எனக்கு அலுத்துவிட்டது. பிடிவாதத்திலேதான் மீதியைப் போட்டேன்.

ஹைமின் பொது அறைத் தொலைக்காட்சியில் 'ஹிட்பராட' பார்ப்போம். 1969 இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. முன்பு சனம் தபாலட்டையில் வாக்கு அனுப்பியதாம், பிறகு தொலைபேசி. ஜேர்மன் மொழியிலே பாடினால்தான் இடம். எங்களுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொன்னதும் அதேதான். எங்களுக்கு டொச் படிப்பிக்க வந்த ஒரு அம்மா தன்னுடைய பன்னிரண்டு வயது மகனையும் சிலவேளை கூட்டிவருவா. ஒருநாள் அவன் கட்டம்போட்ட கொப்பியிலே ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒன்று முதல் இருபது வரை இலக்கம், பாட்டுகள், மேலும் கீழும் அம்புக்குறி! அவன் வானொலியில் சொல்கிற பட்டியலை எழுதவில்லை, தன்னுடையதைப் போடுகிறான். எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சிலே "நானும்" என்றேன். அவன் நம்பவில்லை. தாளை வாங்கி ஒரு ஞாயிறைத் தமிழிலே எழுதிக் காட்டினேன். எழுத்துகளைப் பார்த்துச் சிரித்தான், அம்புக்குறிகளைப் பார்த்துத் தலையாட்டினான். 'பிளாட்ஸ் ஐன்ஸ்', அதாவது முதலாம் இடம் என்ற சொல்லை அவனிடம்தான் படித்தேன்.

ஊரில் அக்கா விடவில்லை. 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையாலே சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்ட காலம் அது. முதலில் செய்தி. பீ.பீ.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். அதன்பிறகும் கை உளையாமல் இருந்தால் ஒரு பாட்டு. அவவின் கடிதங்கள் மூன்று மாதம், ஐந்து மாதம் பிந்தி வரும். அடியிலே அந்தக் கிழமைப் பட்டியல். முதலில் பத்தாக இருந்தது ஐந்தாகி, மூன்றாகி, 1993 அளவில் ஒன்றாகியது. "இந்தக் கிழமை கேட்டது ஒன்றுதான், ஆனபடியால் அதுதான் முதலாமிடம்" என்று எழுதியிருந்தா. ஐந்து மாதம் பழைய முதலாம் இடத்தை நான் இங்கே புதுச் செய்தியாக வாசித்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு. அம்மாவின் மருந்து, காணி உறுதி, அடையாள அட்டை, ஒரு பானை. கொப்பிகள் அலுமாரியிலே. 1996 இல் திரும்பிப் போனபோது வீட்டிலே ஓடும் இல்லை, அலுமாரியும் இல்லை. நனைந்து காய்ந்த குப்பைக்குள்ளே இரண்டாவது கொப்பி மட்டும் அட்டையில்லாமல் கிடந்ததாம். 2002 இல் பாதை திறந்து, அடுத்த வருடம் நான் போனபோது, அக்கா அதை ஒரு பழந்துணியில் சுற்றி என் கையிலே தந்தா.

இப்போது பட்டியலை நாங்கள் போடத் தேவையில்லை. கைத்தொலைபேசியே போட்டுத் தருகிறது. வருட முடிவிலே மகள் என்னுடைய கணக்கைத் திறந்து காட்டினாள். நான் அதிகம் கேட்டதாம், முதலாம் இடத்தில், ஒரு குழந்தைப் பாட்டு! பேத்தியை நித்திரையாக்க நூறு தரம் போட்டிருப்பேன். எத்தனை தரம் போட்டான் என்பது வேறு, எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு. எண்ணுகிற முறையை மாற்றினால் பட்டியலே மாறும். 1991 மே வரை பில்போர்ட்காரர் தங்கள் அல்பம் பட்டியலுக்குக் கடைக்காரர் வாயால் சொன்னதைத்தான் எழுதினார்கள். பணப்பெட்டியிலே பதிகிற உண்மை விற்பனையை எடுக்கத் தொடங்கியதும், கடைக்காரர் அதுவரை குறைத்துச் சொல்லி வந்த கிராமியப் பாட்டும் கறுப்பின இளைஞரின் ராப்பும் திடீரென்று மேலே ஏறின. வாங்கியவர்கள் முன்பும் இருந்தார்கள், எண்ணுபவர்தான் இல்லை.

உங்களில் யாரிடமாவது இப்படியொரு கொப்பியோ, கசெற் உறையின் பின்புறத்தில் எழுதிய பட்டியலோ, கடிதத்தின் அடியிலே எழுதிய நாலு பாட்டோ இருந்தால் எறியாதையுங்கோ. சங்க நூலகத்துக்குக் கொண்டுவந்தால் படம் பிடித்துவிட்டுத் திருப்பித் தருவோம். பெயர் போட விருப்பமில்லையென்றால் போடமாட்டோம். திகதி மட்டும் வேண்டும்.

கொப்பியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போன ஞாயிறு அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "எழுது. ஆனால் 82 இல் நீ பிளேட்டாலே சுரண்டினதையும் எழுது" என்றா. 1982 ஓகஸ்ட் 8. 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு ஒன்று முதலாம் இடத்தை இழக்கப் போகிறது என்று கண்டு, அக்கா ஒரு பொப் பாட்டுக்குக் கொடுத்த 9 ஐ, அவ தேத்தண்ணி வைக்கப் போன நேரத்தில் 6 ஆக்கினேன். அந்த இடத்திலே தாள் மெல்லிசாகி, வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் தெரிகிறது.